சிங்கப்பூரைப் பிடித்தவர், மணிலாவுக்காகத் தூக்கில் தொங்கியவர்

கேள்வி இது: "மலேயாவின் புலி என்று சொல்லப்படும் ஜப்பானிய ஜெனரல் யமாஷிதா உண்மையிலேயே பெரிய தளபதியா, அல்லது அதிர்ஷ்டக்காரரா? அவரைத் தூக்கில் போட்டது நியாயமா? பிலிப்பைன்ஸில் அவர் புதைத்துவைத்ததாகச் சொல்லும் தங்கம் நிஜமா?"

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்க்கலாம். தளபதியாக அவர் பெரிய ஆள்தான். தண்டனைக்கு உரியவர் என்றும்தான் நினைக்கிறேன். ஆனால் எந்த ஊரில் நடந்த கொடுமைக்காக அவரைத் தூக்கிலிட்டார்களோ, அங்கே அவர் பேச்சைக் கேட்க ஆளில்லை. அவர் சொன்னால் மறுபேச்சு இல்லாத ஊர் ஒன்று இருந்தது. அங்கே நடந்ததைப் பற்றி அந்த நீதிமன்றம் அவரிடம் எதுவுமே கேட்கவில்லை. தங்கத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

தொமோயுகி யமாஷிதா பிறந்தது 1885 நவம்பர் 8. ஷிகோகு தீவில், கோச்சி மாநிலத்து மலைக்கிராமம் ஒன்று. அப்பா ஊர் வைத்தியர். பையன் வாட்டசாட்டமாக இருக்கிறானே, ராணுவத்துக்குப் போகட்டும் என்று அப்பா சொன்னாராம். அந்தக் கடினமான நுழைவுத் தேர்வில் இவன் எங்கே தேறப்போகிறான் என்ற நம்பிக்கையில் அம்மாவும் தடுக்கவில்லையாம். யமாஷிதாவே பிற்காலத்தில் சிரித்துக்கொண்டு சொன்னது இது. பையன் தேறிவிட்டான். 1905-ல் ராணுவ அகாடமியை முடித்தார். 1916-ல் ராணுவ உயர்கல்லூரியில் ஆறாவது இடம். அதே ஆண்டு ஒரு ஓய்வுபெற்ற ஜெனரலின் மகள் ஹிசாகோவைக் கல்யாணம் செய்துகொண்டார். குழந்தைகள் இல்லை.

அப்புறம் தூதரக வேலைகள். முதல் உலகப்போர் முடிந்த கையோடு சுவிட்சர்லாந்தின் பெர்ன், 1920-களின் பிற்பகுதியில் வியன்னா. பெர்னில் இவர் இருந்த காலத்தில் அங்கே இன்னொரு ஜப்பானிய அதிகாரியும் இருந்தார், ஹிதேகி தோஜோ. அகாடமியில் இவருக்கு ஒரு வகுப்பு மூத்தவர். பின்னாளில் பிரதமரானவர், யமாஷிதாவின் வாழ்க்கையில் நெடுகக் குறுக்கே நின்றவர்.

இருவருக்கும் எங்கே முறிந்தது என்று புரிய 1936-க்குப் போக வேண்டும். 1930-களில் ஜப்பானிய ராணுவம் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து கிடந்தது. பேரரசரைச் சுற்றியிருக்கும் அரசியல்வாதிகளையும் பணக்காரர்களையும் ஒழித்துக்கட்டினால் நாடு தேறிவிடும் என்று கொதித்த இளம் அதிகாரிகளின் கோஷ்டி ஒன்று, 'பேரரசர் வழி' என்று பெயர். ராணுவக் கட்டுக்கோப்போடு, திட்டமிட்டு, அமைச்சகம் வழியாகவே நாட்டைப் போருக்குத் தயார்செய்ய வேண்டும் என்பது மற்றது. தோஜோ இரண்டாவது அணி. யமாஷிதாவின் சாய்வு முதல் அணியின் பக்கம்.

1936 பிப்ரவரி 26 அதிகாலை, டோக்கியோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, சுமார் 1,400 சிப்பாய்களோடு இளம் அதிகாரிகள் கலகம் செய்தார்கள். நிதியமைச்சர் தகாஹாஷி உட்பட மூன்று பெரிய மனிதர்களைக் கொன்றார்கள். கலகத்தில் இறங்கியவர்களில் பெரும் பகுதி 3-வது காலாட்படை ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அந்த ரெஜிமென்ட்டின் தலைவராக இருந்தவர் யமாஷிதா. அன்று ராணுவ அமைச்சகத்தில் உயர்பதவியில் இருந்த அவர், அமைச்சர் பெயரில் வந்த மழுப்பலான அறிவிப்பை அந்தப் பையன்களுக்கு வாசித்துக் காட்டினார். இரண்டு நாள் கழித்து, கலகக்காரர்கள் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகத் தயார், அதைப் பார்க்கப் பேரரசர் தன் பிரதிநிதி ஒருவரை அனுப்பி கௌரவிக்க வேண்டும் என்று அரண்மனைக்குக் கேட்டுப் போனவர்களில் இவரும் ஒருவர். பேரரசர் ஹிரோஹிட்டோவுக்கு வந்தது கடுங்கோபம். சாக விரும்பினால் செத்துப்போகட்டும், பிரதிநிதி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார். பேரரசரின் உதவியாளர் நாட்குறிப்பில் இது பதிவாகியிருக்கிறது.

அன்றோடு அரண்மனையில் யமாஷிதாவின் பெயர் கெட்டது. கொரியாவில் ஒரு பிரிகேடுக்குத் தலைவராக அனுப்பிவைத்தார்கள். பதவி உயர்வு நிற்கவில்லை, அடுத்த ஆண்டே லெப்டினன்ட் ஜெனரல் ஆகிவிட்டார். ஆனால் டோக்கியோவுக்கு வெளியிலேயே வைத்திருந்தார்கள்.

1940 இறுதியில், தோஜோ ராணுவ அமைச்சராக இருந்தபோது, ஒரு ராணுவக் குழுவுக்குத் தலைவராக ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போனார். ஹிட்லரையும் பார்த்தார். திரும்பி வந்து கொடுத்த அறிக்கைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டாங்கிகள், பாராசூட் படை, விமானப் படை எதிலும் நாம் பின்தங்கியிருக்கிறோம், ராணுவத்தைப் புதுப்பித்து முடிக்கும்வரை பிரிட்டனோடும் அமெரிக்காவோடும் மோதக்கூடாது என்பது அதன் சாரம். சில மாதங்களில் அதே மோதலின் முன்வரிசைக்கு அவரையே அனுப்பினார்கள். 1941 நவம்பரில் 25-வது சேனையின் தளபதி. இலக்கு சிங்கப்பூர்.

மலேயா படையெடுப்பைப் பற்றி நம்மூரில் பெரும்பாலும் "சைக்கிளில் வந்து பிடித்துவிட்டார்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். சைக்கிள் நிஜம்தான். ஆனால் அதை மட்டும் சொன்னால் யமாஷிதா செய்தது பிடிபடாது.

அவருக்கு நான்கு டிவிஷன்கள் தரத் தயாராக இருந்தார்கள். மூன்று போதும் என்றார். கஞ்சத்தனமோ வீராப்போ அல்ல, கணக்கு. தீபகற்பத்தில் தெற்கே இறங்க நல்ல தார்ச்சாலை மேற்குப் பக்கமாக ஒன்றுதான். அதில் எத்தனை பேருக்கு அரிசியும் தோட்டாவும் கொண்டுபோக முடியுமோ அத்தனை பேர்தான் உதவுவார்கள், மீதிப் பேர் பின்னால் நின்று சாப்பிடுவார்கள். 5-வது டிவிஷன், 18-வது டிவிஷன், பேரரசரின் காவல் டிவிஷன், இவ்வளவுதான். 18-வதின் தலைவர் ரென்யா முதகுச்சி. 1944-ல் இம்பாலுக்குப் படையெடுத்து வந்து தன் சேனையையே பட்டினியில் அழித்தாரே, அதே முதகுச்சி. சாப்பாட்டுக் கணக்குப் போட்டவருக்கும் போடாதவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க இந்த இரண்டு படையெடுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

1941 டிசம்பர் 8 நள்ளிரவு தாண்டி கோத்தா பாருவில் ஜப்பானியர்கள் கரையேறினார்கள். பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்ததற்கும் சற்று முந்தியது இது. தேதிக்கோடு இடையில் இருப்பதால் அது 7, இது 8 என்று ஆகிவிடுகிறது. முக்கியப் படை இறங்கியது தாய்லாந்து எல்லைக்குள், சிங்கோராவிலும் பட்டாணியிலும். டிசம்பர் 10 அன்று பிரிட்டனின் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' இரண்டு பெரும் போர்க்கப்பல்களும் விமானத் தாக்குதலில் மூழ்கின. அதோடு கடல் ஜப்பான் கைக்குப் போனது. கெடாவில் ஜித்ரா அரண் இரண்டே நாளில் சரிந்தது. பினாங்கை விட்டுவிட்டு வெள்ளைக்காரர்கள் இரவோடு இரவாகக் கிளம்பினார்கள். அங்கே இருந்த ஆசியர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு இரவில் போன மானம் பிரிட்டிஷாருக்கு மலேயாவில் பிறகு முழுதாகத் திரும்பவே இல்லை.

வேலை செய்த முறை இதுதான். சாலையில் பிரிட்டிஷ் படை மறித்து நிற்கும். ஜப்பானியர் முன்னாலிருந்து முட்டுவார்கள். அதே நேரம் ஒரு கூட்டம் ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் சாலையை மறிக்கும். இல்லையென்றால் படகில் ஏறி மேற்குக் கடற்கரையோரமாகத் தெற்கே போய் இறங்கும். பின்னால் வழி அடைபட்டது என்று தெரிந்ததும் முன்னால் நிற்பவன் பின்வாங்குவான். அடுத்த ஆற்றங்கரையில் மறுபடி இதே கதை. பிரிட்டிஷார் உடைத்துவிட்டுப் போன பாலங்களைப் பொறியாளர் படை ஆற்றுக்குள் தோள்மேல் பலகை தாங்கி நின்றாவது சரிசெய்தது. சைக்கிள் இங்கேதான் உதவியது. லாரிக்குப் பாலம் வேண்டும், சைக்கிளைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்துவிடலாம். போருக்கு முன்பே மலேயாவில் ஜப்பானிய சைக்கிள்கள் மலிவாக விற்றுக்கொண்டிருந்ததால், உதிரிபாகமும் ஊருக்கு ஊர் கிடைத்தது. வெயிலில் டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்தோடு ஓட்டினார்கள். இரவில் தார்ச்சாலையில் நூற்றுக்கணக்கான இரும்பு வளையங்கள் கடகடவென்று வரும் சத்தத்தை டாங்கி என்று நினைத்து எதிர்ப்பக்கம் ஓடிய கதையும் உண்டு. பிரிட்டிஷார் விட்டுவிட்டு ஓடிய டின் உணவு, பெட்ரோல், லாரி எல்லாவற்றுக்கும் ஜப்பானியச் சிப்பாய்கள் வைத்த பெயர் 'சர்ச்சில் ரேஷன்'.

நிஜ டாங்கிகளும் வந்தன. மலேயாவில் பிரிட்டிஷாரிடம் ஒரு டாங்கிகூடக் கிடையாது. 1942 ஜனவரி 7 விடியலுக்கு முன், ஸ்லிம் ரிவரில், நிலா வெளிச்சத்தில் ஜப்பானிய டாங்கிகள் சாலையோடு சாலையாக உள்ளே புகுந்து போய்க்கொண்டே இருந்தன. விடிந்து வெயிலேறுவதற்குள் 11-வது இந்திய டிவிஷனின் இரண்டு பிரிகேடுகள் ஏறக்குறைய இல்லாமல் போயின. 11 அன்று கோலாலம்பூர். மாதக் கடைசியில் ஜோகூர். ஜனவரி 31 அன்று கடைசி பிரிட்டிஷ் படை பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் போய், பின்னால் அதை வெடிவைத்து உடைத்தது.

யமாஷிதா ஜோகூர் சுல்தானின் புக்கிட் செரீன் அரண்மனைக் கோபுரத்தில் போய் உட்கார்ந்தார். ஜலசந்திக்கு அந்தப்பக்கம் முழுவதும் கண்ணுக்குக் கீழே. சுல்தானின் அரண்மனையைச் சுட மாட்டார்கள் என்ற துணிச்சல் அவருக்கு. பிப்ரவரி 7 அன்று காவல் டிவிஷன் கிழக்கே உபின் தீவில் ஆரவாரமாக இறங்கியது, கண்கட்டு வித்தை. மறுநாள் இரவு மற்ற இரண்டு டிவிஷன்களும் வடமேற்கே, ஆஸ்திரேலியப் படை மெலிதாகப் பரவிநின்ற சதுப்புக் கரையில் ஏறின.

ஜப்பான் தேசம் தோன்றியதாக அவர்கள் கொண்டாடும் நாள் பிப்ரவரி 11. அன்றைக்குள் முடித்துவிட ஆசைப்பட்டார்கள். முடியவில்லை. அன்று, சரணடையச் சொல்லும் கடிதத்தை மரப்பெட்டிகளில் போட்டு விமானத்திலிருந்து வீசினார் யமாஷிதா. எதிரித் தளபதி பெர்சிவல் பதில் அனுப்பவில்லை. இந்த இடத்தில் யமாஷிதாவுக்கு உள்ளுக்குள் உதறல். கையில் சுமார் 30,000 பேர், எதிரே இரண்டரை மடங்குக்கு மேல். பீரங்கிக் குண்டு தீர்ந்துகொண்டு வருகிறது. தெருத்தெருவாகச் சண்டை என்று ஆரம்பித்தால் தோற்றுவிடுவேன், என் பலவீனம் அவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று எந்நேரமும் பயந்துகொண்டிருந்தேன் என்று பின்னால் அவரே சொன்னார். வெளியே காட்டியது நேரெதிர். குண்டு நிறைய இருப்பவனைப்போல ஓயாமல் சுடவைத்தார். பெர்சிவலின் பக்கம் பத்து லட்சத்தை நெருங்கும் மக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். நீர்த்தேக்கங்கள் ஜப்பானியர் வசம், ஊருக்குள் குழாய்கள் உடைந்து தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு. மாலை ஐந்து மணிக்கு மேல் பெர்சிவல் வெள்ளைக் கொடியோடு புக்கிட் தீமா ஃபோர்டு கார் தொழிற்சாலைக்கு நடந்து வந்தார். ஒல்லியாக, உயரமாக, அரைக்கால் சட்டையில் அவர். மேசைக்கு இந்தப்பக்கம் மொட்டைத்தலையும் கனத்த உடம்புமாக யமாஷிதா. பெர்சிவல் நேரம் கேட்டார், ஊரில் ஒழுங்கு காக்க ஆயிரம் பேர் ஆயுதத்தோடு இருக்கட்டும் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் திணறினார். சரியா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று யமாஷிதா குரலை உயர்த்தினார், இல்லையென்றால் இன்றிரவே தாக்குதல் என்றார். மேசையில் குத்தி மிரட்டினார் என்று ஜப்பானியப் பத்திரிகைகள் புல்லரித்தன. எரிச்சல் மொழிபெயர்ப்பாளர்மீதுதான் என்று பின்னால் விளக்கம் சொன்னார். எனக்கென்னவோ எரிச்சலைவிட பயம் அதிகம் என்றே தோன்றுகிறது. இரவு தாண்டினால் அவர் சாயம் வெளுத்திருக்கும். 6.10-க்குக் கையெழுத்தாகி, 8.30-க்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன. சிங்கப்பூரில் மட்டும் சுமார் 80,000 பேர் சரண். மலேயாவில் முன்பே பிடிபட்டவர்களைச் சேர்த்தால் 1,20,000-ஐத் தாண்டும். அந்தக் கட்டடம் இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது, சிங்கப்பூர் போனால் பாருங்கள்.

எழுபது நாள். ஆக, அதிர்ஷ்டமா என்றால், எதிரியின் குழப்பம் உதவியது உண்மை. ஆனால் எத்தனை பேரை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், எப்போது பொய்யாக மிரட்ட வேண்டும் என்று தெரிந்திருந்தது அவருடைய சொந்தச் சரக்கு. 'மலேயாவின் புலி' என்ற பட்டம் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை.

இனி, கதையின் இருண்ட பக்கம். சரணுக்கு முந்தின நாள் அலெக்ஸாண்ட்ரா ராணுவ ஆஸ்பத்திரிக்குள் புகுந்த ஜப்பானியச் சிப்பாய்கள் நோயாளிகளையும் ஊழியர்களையும் கொன்றார்கள். அதைச் சண்டைச் சூட்டில் கட்டுமீறியது என்று யாராவது வாதாடலாம். பிப்ரவரி 18 முதல் நடந்ததை அப்படிச் சொல்ல வழியில்லை. 'ஜப்பான் எதிர்ப்பாளர்களைக் களையெடுக்க' யமாஷிதா உத்தரவு கொடுத்தார். சிங்கப்பூர் நகரக் காவலுக்குப் பொறுப்பான படைத் தலைவர் கவாமுரா அதை நிறைவேற்றினார். திட்டத்தை உந்தியவர் யமாஷிதாவின் சேனையில் திட்ட அதிகாரியாக இருந்த லெப்டினன்ட் கர்னல் மசனோபு சுஜி. 18 முதல் 50 வயது வரையுள்ள சீன ஆண்களை மைதானங்களிலும் தெருக்களிலும் கூட்டி, வரிசையில் நிறுத்தி, முகமூடி போட்ட காட்டிக்கொடுப்பவர்களை விட்டு அடையாளம் காட்டச் சொன்னார்கள். விட்டுவிடப்பட்டவர்களுக்கு 'பரிசோதிக்கப்பட்டது' என்று ஒரு முத்திரை. தாளில் முத்திரை வாங்கியவர்கள் அந்தத் தாளைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டார்கள். கையிலும் சட்டையிலும் முத்திரை வாங்கியவர்கள் அது அழியாமல் இருக்க வேண்டுமே என்று குளிக்கவே பயந்தார்கள். மற்றவர்களை லாரியில் ஏற்றி சாங்கி, பொங்கோல் கடற்கரைகளில் சுட்டார்கள். ஜப்பானியர்களே ஒப்புக்கொண்ட கணக்கு 5,000 அளவில். சீனச் சமூகத்தின் கணக்கு 50,000 வரை போகிறது.

அதோடு விடவில்லை. உயிரோடு இருக்கும் சீனர்கள் ஐந்து கோடி டாலர் 'காணிக்கை' தரவேண்டும் என்றார்கள். அவ்வளவு திரட்ட முடியாமல், மீதியை ஒரு ஜப்பானிய வங்கியிலேயே கடன் வாங்கி, 1942 ஜூனில் காசோலையாக யமாஷிதாவிடம் கொடுத்தார்கள். 1966-ல் ஜப்பான் பரிகாரமாக சிங்கப்பூருக்குத் தர ஒப்புக்கொண்ட தொகையும் ஐந்து கோடி டாலர்தான், அதிலும் பாதி கடன். வேண்டுமென்றே செய்தார்களா என்று கேட்கத் தோன்றும் ஒற்றுமை.

நம்மவர்களுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. சரணுக்கு இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17 அன்று, ஃபேரர் பார்க் மைதானத்தில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களைத் தனியாகக் கூட்டி, யமாஷிதாவின் பேரில் ஜப்பானிய உளவு அதிகாரி மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார்கள். ஜித்ரா தோல்விக்குப் பிறகு காட்டில் பிடிபட்ட கேப்டன் மோகன் சிங் அங்கே பேசினார். இந்திய தேசிய ராணுவத்தின் முதல் வடிவம் அந்த மைதானத்தில் பிறந்தது. நேதாஜி வந்தது அதற்கு ஓராண்டுக்கும் மேல் கழித்து. தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே பாதை போட தோட்டப்புறத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போன சயாம் மரண ரயிலையும் யமாஷிதா கணக்கில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியில்லை. பாதை வேலை சூடுபிடிப்பதற்கு முன்பே, 1942 ஜூலையில், அவரை மாற்றிவிட்டார்கள். மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் 'ஜப்பான்காரன் காலம்' என்று சொன்னால் மரவள்ளிக்கிழங்கும் ரயிலும்தான் நினைவுக்கு வரும். அதில் பெரும்பகுதி அவருக்குப் பின் வந்தவர்களின் ஆட்சி.

மாற்றல் எங்கே என்று நினைக்கிறீர்கள்? மஞ்சூரியா. பிரிட்டனை மண்டியிடவைத்தவரை, சண்டையே நடக்காத சோவியத் எல்லைக்கு அனுப்பினார்கள். வழியில் டோக்கியோவில் இறங்கி பேரரசரைப் பார்க்கும் வழக்கமான மரியாதைகூடக் கிடையாது. சிங்கப்பூர் மக்களை ஜப்பானியப் பேரரசின் குடிமக்கள் என்று ஒரு பேச்சில் சொல்லிவிட்டார், அது அரசின் கொள்கைக்கு மாறு என்று காரணம் சொன்னார்கள். பிரதமர் தோஜோவுக்கு இவர் பெயர் ஓங்குவது பிடிக்கவில்லை என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். 1943-ல் முழு ஜெனரல் ஆனார். அதைத் தவிர இரண்டேகால் வருஷம் சும்மா கிடந்தார்.

1944 ஜூலையில் சைபான் தீவு விழுந்து தோஜோ பதவி இழந்தார். உடனே யமாஷிதா ஞாபகம் வந்தது. அக்டோபர் முதல் வாரம் மணிலாவில் இறங்கினார். இரண்டே வாரத்தில் அமெரிக்கர்கள் லெய்டே தீவில் இறங்கிவிட்டார்கள். அதே நாளில் வந்து சேர்ந்த அவருடைய தலைமை அதிகாரி முதோ, "சரி, லெய்டே எங்கே இருக்கிறது?" என்று கேட்டதாகச் சொல்வார்கள். லெய்டேயில் சண்டை வேண்டாம், படை முழுவதையும் மணிலா இருக்கும் பெரிய தீவான லூசோனில் வைத்துக்கொள்கிறேன் என்றார் யமாஷிதா. மேலிடம் கேட்கவில்லை. அனுப்பிய டிவிஷன்கள் பாதி வழியிலேயே கடலில் மூழ்கின.

1945 ஜனவரி 9 அன்று அமெரிக்கர்கள் லூசோனில் இறங்கியபோது அவருடைய திட்டம் ஜெயிப்பது இல்லை. மலைகளுக்குள் போய், எத்தனை மாதம் முடியுமோ அத்தனை மாதம் அமெரிக்கப் படையைப் பிடித்துவைப்பது. மணிலாவைக் காக்க முடியாது, சமவெளி, மரக் கட்டடங்கள், லட்சக்கணக்கான மக்களுக்குச் சோறுபோட வேண்டும், ஆகவே விட்டுவிட்டு வெளியேறுங்கள் என்று உத்தரவிட்டார். தானும் வடக்கே பாகியோ மலைக்குப் போய்விட்டார்.

மணிலாவில் கடற்படைத் தளபதி இவாபுச்சி இருந்தார். குவாடல்கனால் கடற்போரில் தன் கப்பலான 'கிரிஷிமா'வை இழந்தவர். துறைமுகத்தை அழித்துவிட்டு வா என்று கடற்படை அவருக்குச் சொல்லியிருந்தது. ராணுவமும் கடற்படையும் ஜப்பானில் ஒன்றையொன்று மதிக்காத இரண்டு அரசுகள் மாதிரி. காகிதத்தில் அவர் ராணுவத்தின் கீழ் வந்தாலும், வெளியேறவில்லை. பல ஆயிரம் மாலுமிகளோடு ஊருக்குள் அரண்கட்டி உட்கார்ந்தார். பிப்ரவரி 3 முதல் மார்ச் 3 வரை ஒரு மாதம். வீடுவீடாகப் புகுந்து கொன்றார்கள், ஆஸ்பத்திரிகளையும் தேவாலயங்களையும் எரித்தார்கள், பெண்களைச் சீரழித்தார்கள். அமெரிக்க பீரங்கியும் ஊரைத் தரைமட்டமாக்கியது. சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் செத்தார்கள். இவாபுச்சியும் அங்கேயே முடிந்துபோனார், கேள்வி கேட்க ஆள் இல்லை.

யமாஷிதா மலையில் இன்னும் ஆறு மாதம் தாக்குப்பிடித்தார். பாகியோ போனது, கடைசியில் கியாங்கான் பக்கத்துப் பள்ளத்தாக்கு. செப்டம்பர் 2 அன்று மலையிறங்கி வந்தார். மறுநாள் பாகியோவில் சரண் கையெழுத்து. மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், மூன்றரை வருஷச் சிறையில் எலும்பாகியிருந்த பெர்சிவல். யோசித்துத்தான் உட்காரவைத்திருக்கிறார்கள். ஏன் தற்கொலை செய்துகொள்ளவில்லை என்று கேட்டதற்கு, நான் செத்தால் பழியை வேறு யாராவது சுமக்க வேண்டியிருக்கும் என்றாராம்.

வழக்கு 1945 அக்டோபர் 29-ல் மணிலாவில் ஆரம்பித்தது. நீதிபதிகள் ஐந்து அமெரிக்க ஜெனரல்கள். அவர்களை நியமித்தது, விதிகளை எழுதியது, தீர்ப்பை உறுதிசெய்யப்போவது எல்லாம் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரின் ராணுவம். கேள்விப்பட்டேன் என்ற சாட்சியையும் ஏற்கலாம் என்று விதி. விசாரணை தொடங்கும் நேரத்தில் குற்றப்பட்டியலில் புதிதாக 59 அம்சங்களைச் சேர்த்தார்கள். தயாராக நேரம் கேட்ட தற்காப்பு வக்கீல்களுக்குக் கிடைக்கவில்லை. 280-க்கு மேற்பட்ட சாட்சிகள் வந்து சொன்னவை கேட்கவே நடுங்குபவை. வாயைப் பொத்திக்கொண்டு அழுத பெண்கள், காயத் தழும்பைக் காட்டிய குழந்தைகள். அவற்றில் பொய் இருந்ததாக யாரும் பெரிதாக வாதாடவில்லை. கேள்வி, இதற்கும் பாகியோ மலையில் இருந்தவருக்கும் என்ன தொடர்பு என்பது. அவர் உத்தரவிட்டார் என்றோ, அவருக்குத் தெரியும் என்றோகூடக் குற்றச்சாட்டு சொல்லவில்லை. கட்டுப்படுத்தத் தவறினார், அவ்வளவுதான். அவர் நாள்கணக்கில் சாட்சிக்கூண்டில் நின்று, செய்தித் தொடர்பு அறுந்துகிடந்தது, எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் தண்டித்திருப்பேன் என்றார்.

டிசம்பர் 7 அன்று மரண தண்டனை. பேர்ல் ஹார்பர் நாள். தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

வக்கீல்கள், எதிரி நாட்டுத் தளபதிக்காக அமெரிக்க ராணுவச் சம்பளத்தில் இருந்தவர்கள், வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அவர்களுக்கு ஒரு சல்யூட். 1946 பிப்ரவரி 4 அன்று, ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் நீதிமன்றம் தலையிட மறுத்தது. எதிர்த் தீர்ப்பு எழுதியவர்கள் மர்ஃபியும் ரட்லெட்ஜும். மர்ஃபி ஒருகாலத்தில் பிலிப்பைன்ஸில் அமெரிக்க ஆளுநராக இருந்தவர், அந்த ஊரின் துயரம் தெரியாதவர் அல்ல. அவருடைய வாதத்தின் சாரம் இப்படிப் போகிறது: உங்கள் படையின் தொடர்பையும் கட்டுப்பாட்டையும் சிதைக்க எங்களால் முடிந்ததெல்லாம் செய்தோம், வெற்றியும் பெற்றோம், இப்போது கட்டுப்பாட்டை இழந்தீர்கள் என்று உங்களைத் தூக்கிலிடுகிறோம்.

பிப்ரவரி 23 விடியுமுன் லாஸ் பான்யோஸில் தூக்கு. ராணுவச் சீருடை அணியக்கூடாது என்பது மெக்ஆர்தரின் உத்தரவு. சரியாக ஓராண்டுக்கு முன், 1945 பிப்ரவரி 23 அன்று, அதே ஊர் முகாமிலிருந்துதான் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வெள்ளைக்காரக் கைதிகளை அமெரிக்கப் பாராசூட் படை மீட்டது.

தன் கீழுள்ளவன் செய்யும் குற்றத்துக்குத் தளபதி பொறுப்பு என்ற இன்றைய சர்வதேசச் சட்டத்தின் ஊற்று இந்த வழக்குதான். ஆனால் பின்னால் வந்தவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய 1998 ரோம் உடன்படிக்கை, தெரிந்திருக்க வேண்டும் அல்லது அந்தச் சூழ்நிலையில் தெரிந்திருக்கவேண்டியவராக இருக்க வேண்டும் என்றும், கட்டுப்பாடு நிஜமாகக் கையில் இருந்திருக்க வேண்டும் என்றும் வரையறுக்கிறது. வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் நடத்திய மை லாய் படுகொலைக்காக 1971-ல் அவர்களின் தலைவர் கேப்டன் மெடினாவை விசாரித்தபோது அமெரிக்க ராணுவ நீதிபதி இன்னும் தாராளம் காட்டினார். அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தால்தான் குற்றம் என்றார். மெடினா சம்பவ இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தவர். விடுதலையானார். யமாஷிதா இருந்தது இருநூறு கிலோமீட்டர் தள்ளி.

ஆக நியாயமா என்றால், மணிலாவுக்காக என்றால் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் இதைச் சொல்லும் பலர் அதோடு நிறுத்தி, அவரை அநியாயமாகச் செத்த உத்தமராக்கிவிடுகிறார்கள். அதுவும் ஒப்பவில்லை. சிங்கப்பூரில் தொடர்பு அறுந்திருக்கவில்லை, கடற்படை குறுக்கே இல்லை. உத்தரவு அவர் பெயரில் போனது, அவர் இருந்த ஊரிலேயே நிறைவேறியது. 1947-ல் பிரிட்டிஷார் அந்தக் கொலைகளுக்கு ஏழு அதிகாரிகளை விசாரித்தார்கள். மேலிடத்து உத்தரவு என்றார்கள் அவர்கள். மேலிடம் ஓராண்டுக்கு முன்பே வேறு ஊர் வழக்கில் தூக்கில் தொங்கி முடிந்திருந்தது. கவாமுராவும் ராணுவப் போலீஸ் தலைவர் ஓய்ஷியும் தூக்கில், மற்ற ஐவருக்கு ஆயுள். சீனர்கள் இது போதாது என்று கொதித்தார்கள். திட்டத்தை உந்திய சுஜி? புத்த பிட்சு வேடத்தில் தாய்லாந்திலிருந்து தப்பி, தேடல் அடங்கிய பிறகு வெளியே வந்து, 1952-ல் ஜப்பானிய நாடாளுமன்ற உறுப்பினராகி, 1961-ல் லாவோஸ் பக்கம் போய்க் காணாமல் போனார். ஒருநாள்கூட நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

சரி, தங்கம். தென்கிழக்காசியா முழுக்கக் கொள்ளையடித்ததை யமாஷிதா லூசோன் மலைக் குகைகளில் புதைத்தார் என்பது கதை. 1971-ல் பாகியோவைச் சேர்ந்த ஒரு பூட்டு வேலைக்காரர் தங்க புத்தர் சிலை ஒன்றைக் கண்டெடுத்ததாகவும், அன்றைய பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸின் ஆட்கள் பறித்துக்கொண்டதாகவும் சொன்னார். ஹவாய் நீதிமன்றத்தில் 1996-ல் அவர் தரப்புக்கு 2,200 கோடி டாலர் என்று தீர்ப்பாகி உலகமே வாய்பிளந்தது. மேல்முறையீட்டில் அது வெகுவாகக் குறைந்தது. அந்த வழக்கு ஏற்றுக்கொண்டது அவருக்கு ஏதோ கிடைத்தது, அது பறிக்கப்பட்டது என்பதைத்தான். அது யமாஷிதா வைத்தது என்று முடிவுசெய்யவில்லை. தேதிகளை மட்டும் பாருங்கள். 1942 ஜூலை முதல் 1944 செப்டம்பர் வரை அவர் மஞ்சூரியாவில். மணிலாவுக்கு வந்தபோது கடல் முழுக்க அமெரிக்க நீர்மூழ்கிகள், ஜப்பானுக்கு அனுப்பும் கப்பல்கள் வரிசையாக மூழ்கிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் தங்கத்தை ஜப்பானுக்குப் பதிலாக, எதிரி இறங்கப்போகும் தீவுக்குக் கொண்டுவர யாருக்கும் காரணம் இல்லை. மலையில் அவருடைய ஆட்கள் கடைசி மாதங்களில் புல்லையும் கிழங்கையும் தின்றுகொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக் குகைகளில் இன்றைக்கும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். மண் சரிந்து செத்தவர்களும் உண்டு.